நான்கு ஜோடி முடிகள்

அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் யிங்கு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே செங்குத்தான ஒரு மாட்டுத்தடத்தில், மரம் ஒன்றில், 10 அடி உயரத்தில் ஒரு பொந்து. பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த வேளையில், பூச்சி தேடிப் போனவர்கள் அந்தப் பொந்தைப் பார்த்தார்கள். உள்ளே எதுவோ மினுங்கியது. உறிஞ்சுகுழலை நீட்டி இரண்டு பூச்சிகளை இழுத்துக்கொண்டார்கள். பிடித்தது என்னவென்று அப்போது அவர்களுக்கே தெரியாது. பிறகு பார்த்தால், எறும்பு. உலோகம்போல் பளபளக்கும் நீல எறும்பு.

2024 மே மாத இறுதியில் 'ஸூகீஸ்' ஆய்விதழில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ராமகிருஷ்ணையா சஹனஸ்ரீ, அஸ்வஜ் புன்னத், பிரியதர்சனன் தர்மராஜன் ஆகிய மூவர் எழுதியது. எறும்புக்கு அவர்கள் வைத்த பெயர் பாராபாராட்ரெக்கினா நீலா. நாளிதழ்கள் படத்தோடு செய்தி போட்டன. எல்லாச் செய்தியிலும் அந்த மாலையும் அந்தப் பொந்தும் இருந்தன. எனக்கும் அந்தக் காட்சி பிடித்தமானதுதான். ஆனால் அன்று மாலை கிடைத்தது ஒரு மினுக்கம் மட்டுமே. ஒரு புதிய இனம் கிடைத்தது அதற்குப் பிறகு, மேசை விளக்கடியில், நுண்ணோக்கியின் கண்ணாடிக்குக் கீழே. அந்த இரண்டாவது கண்டுபிடிப்பை யாரும் படம் பிடிப்பதில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

"இது புதிய இனம்" என்பது கேட்பதற்கு நேரான வாக்கியம்போல இருக்கிறது. உண்மையில் அது ஒரு மறுப்பு. "இதுவரை பெயர் பெற்ற எதுவும் இது அல்ல" என்பதே அதன் பொருள். நீலாவுக்கு முன்பு உலகில் பெயர் வாங்கியிருந்த எறும்பு இனங்களும் துணையினங்களும் 16,724. அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஒப்பிட ஒருவர் ஆயுள் போதாது. ஆகவே சலிக்க வேண்டும். பெரிய கண் சல்லடையில் தொடங்கி, மேலும் மேலும் சின்னக் கண் சல்லடைக்கு வர வேண்டும். கடைசிச் சல்லடையிலும் நின்றுவிட்டால்தான் அது புதிது.

முதல் சல்லடை: இது எறும்புதானா?

அனுபவசாலிகளுக்கே அந்தப் பொந்தில் சந்தேகம் வந்ததென்றால் அதற்குக் காரணம் நிறம். பளபளக்கும் நீலம் என்றால் வண்டு, குளவி, பட்டாம்பூச்சி என்றுதான் மனம் போகும். எறும்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: செவ்வெறும்பு, கருப்பெறும்பு, கட்டெறும்பு, சுள்ளெறும்பு, நெருப்பெறும்பு. நிறமாவது, உருவமாவது, கடியாவது பெயரில் வந்துவிடும். நீலம் மட்டும் எதிலும் வராது. வர வேண்டிய தேவை நமக்கு ஏற்பட்டதே இல்லை. ஆனால் நிறத்தை ஒதுக்கிவிட்டு உறுப்புகளைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முழங்கையைப் போல மடங்கிய உணர்கொம்பு இருக்கிறதா? மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே தனித்துத் தெரியும் இடைக்கணு இருக்கிறதா? பின்னங்கால் மார்போடு சேரும் இடத்துக்கு மேலே, கிருமிகளை அடக்கும் நீரைச் சுரக்கும் சுரப்பியின் சின்னத் துளை இருக்கிறதா? இந்தச் சுரப்பியைக் கட்டெறும்பு வகைகளில் பல தங்கள் பரிணாமப் பாதையில் இழந்துவிட்டன. ஆனால் எறும்பைத் தவிர வேறு எந்தப் பூச்சிக்கும் அது கிடையாது.

அடுத்தது துணைக்குடும்பம். எறும்புகளில் சில கொட்டும், சில கடித்து அமிலம் பீய்ச்சும். வயிற்றின் நுனியில் கொடுக்கு இல்லாமல், அந்த இடத்தில் மெல்லிய முடிகள் வட்டமாகச் சூழ்ந்த ஒரு சின்னத் துளை இருந்தால் அது ஃபார்மிசினே துணைக்குடும்பம். ஃபார்மிக் அமிலம் வெளிப்படும் வாய் அது. உறிஞ்சுகுழல் பிடித்தவர்களுக்கு இந்தத் துணைக்குடும்பத்தை நுண்ணோக்கி இல்லாமலே தெரியும். குழலின் ஒரு முனை எறும்பிடம், மறு முனை நம் வாயில். நடுவே சல்லடைத் துணி இருப்பதால் எறும்பு வாய்க்குள் வராது. ஆனால் துணி ஆவியைத் தடுப்பதில்லை. முசுறு எறும்புகளை ஒருமுறை அப்படி உறிஞ்சியபோது தொண்டையில் ஏறிய புளிப்பும் எரிச்சலும் அன்று இரவு வரை எனக்குப் போகவில்லை. நீலாவும் இந்தத் துணைக்குடும்பம்தான்.

இனி பேரினம். இங்கேதான் முடியை எண்ண வேண்டும்.

எறும்பைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அதன் முதுகுக் கோட்டைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதல் மேடு முன்மார்பு. அடுத்த மேடு நடுமார்பு. அதற்குப் பின்னால் சரிந்து இறங்கும் மூன்றாவது பகுதி மார்பைப் போலவே தோன்றும், ஆனால் மார்பு அல்ல. வயிற்றின் முதல் கண்டம் முன்னால் வந்து மார்போடு ஒட்டிக்கொண்டது. குளவிகளிடமிருந்து எறும்புகளுக்கு வந்த அமைப்பு இது. இந்த மூன்று மேடுகளின் மேல் நெட்டுக்குத்தாக நிற்கும் தடித்த முடிகள் சில இருக்கும். உடம்பெங்கும் படிந்திருக்கும் மென்துகள் போன்ற ரோமத்தோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவை துடைப்பக் குச்சிபோலத் தனித்து நிற்பவை. முன்மார்பில் இரண்டு ஜோடி, நடுமார்பில் ஒரு ஜோடி, ஒட்டிக்கொண்ட அந்தக் கண்டத்தில் ஒரு ஜோடி. மொத்தம் நான்கு ஜோடி. இப்படி எண்ணிக்கை வந்து, உணர்கொம்பின் நீண்ட முதல் கணுவில் நிமிர்ந்த தடித்த முடி இல்லாமலும் இருந்தால் அது பாராபாராட்ரெக்கினா.

இந்தப் பேரினத்துக்கு அக்கம்பக்கத்துச் சொந்தங்கள் உண்டு. அவற்றில் நைலாண்டெரியா என்ற பேரினத்தில் அந்தக் கடைசி ஜோடி இருக்காது. ஒரே ஒரு ஜோடி முடி, ஒரு பேரினத்தையும் இன்னொன்றையும் பிரிக்கிறது. இதை யாரோ வசதிக்காக வகுத்த விதி என்று நினைக்க வேண்டாம். 1947இல் டோனிஸ்தோர்ப் என்ற ஆங்கிலேயர் பாராபாராட்ரெக்கினாவை ஒரு துணைப்பேரினமாக வைத்தார்.  2010இல் ஜான் லாபொல்லா, ஷான் பிராடி, ஸ்டீவ் ஷாட்டக் மூவரும் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த முடிக் கணக்கு சொன்ன பிரிவு உண்மையான உறவுப் பிரிவும்தான் என்று தெரிந்தது. அப்போதுதான் அது முழுப் பேரினமானது. கண்ணுக்குத் தெரிந்த நான்கு ஜோடி முடிக்குப் பின்னால் பல கோடி ஆண்டுப் பங்காளிப் பிரிவினை இருந்திருக்கிறது.

பாராபாராட்ரெக்கினா என்றால் பாராட்ரெக்கினாவுக்குப் பக்கத்தில் இருப்பது என்று பொருள். பாராட்ரெக்கினா நமக்குத் தூரத்து ஆள் அல்ல. வீட்டுத் திண்ணையிலும் சமையல்மேடையிலும் நெட்டுக் கால்களோடு குறுக்கும் நெடுக்குமாகத் தலைதெறிக்க ஓடும் கருப்பு எறும்பு, கடிக்காதது, அதன் பெயர் பாராட்ரெக்கினா லாங்கிகார்னிஸ். பிள்ளையார் எறும்பு, சாமி எறும்பு என்று வீடுகளில் அடிக்காமல் விடப்படும் எறும்புகளில் இதுவும் சேர்த்தி. சியாங்கின் நீலாவுக்கு இது கிட்டத்துச் சொந்தம்.

அந்த முடிக் கணக்கை நானே ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். தெரிந்த விரிவுரையாளர் ஒருவரின் கல்லூரி ஆய்வகத்தில், ஒரு சனிக்கிழமை மதியம், என் வீட்டுச் சமையலறையில் பிடித்த லாங்கிகார்னிஸ் ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். முதல் அரைமணி நேரம் எனக்கு எந்த முடியும் தெரியவில்லை. விளக்கு நேர்மேலே இருந்ததால் முதுகு முழுக்க ஒரே வெள்ளைப் பளபளப்பு. "வெளிச்சத்தைப் பக்கத்துக்குக் கொண்டு போங்க சார், முடி தானா எழுந்திரிக்கும்" என்றார் அவர். விளக்கைச் சரித்ததும் ஒவ்வொன்றாக எழுந்தன. மூன்றாவது பகுதியில் எதுவும் இல்லை. "இல்லைன்னு அவ்வளவு சீக்கிரம் எழுதிடாதீங்க. உடைஞ்சு விழுந்திருக்கலாம். குழி இருக்கான்னு பாருங்க" என்றார். முடி உதிர்ந்தாலும் அது முளைத்த குழி தோலில் இருக்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டி அந்தச் சரிவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தேடினோம் என்று சொல்ல முடியாது, அந்தச் சரிவே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. குழியும் இல்லை. அப்போதுதான் குறிப்பேட்டில் 'இல்லை' என்று எழுதினேன். ஒரு சொல்லை எழுத ஒரு மணி நேரம். வகைப்பாட்டியலாளர்களின் கட்டுரைகளில் 'இல்லை' என்று பார்க்கும்போதெல்லாம் அந்த மதியம் இப்போது நினைவுக்கு வருகிறது.

நீலாவில் அதையே எண்ணியவர்களுக்கு வேலை இன்னும் கடினமாக இருந்திருக்கும். அதன் முழு நீளமே 2 மில்லிமீட்டருக்குக் குறைவு. ஒரு எள்ளின் நீளம்கூடக் கிடையாது.

இவ்வளவு சிறிய உடம்பைக் கையால் பிடித்துப் பார்க்க முடியாது. ஊசியில் குத்தினால் அழிந்துவிடும். அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. கெட்டி அட்டையில் நகத்துண்டு அளவில் கூரிய முக்கோணம் வெட்டி, அதன் அகலமான பக்கத்தில் ஊசியைச் செருகுவார்கள். கூரிய நுனியில் நீரில் கரையும் பசை ஒரு பொட்டு. எறும்பை நடுக்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடைப்பட்ட அடிப்பகுதியில் அந்தப் பொட்டின் மேல் உட்கார்த்துவார்கள். பசை கூடினால் கால் இடுக்குகள் மறையும், குறைந்தால் எறும்பு உதிர்ந்துவிடும். பிறகு அளவெடுப்பு: தலையின் அகலம், நீளம், உணர்கொம்பின் முதல் கணுவின் நீளம், மார்பின் மூலைவிட்ட நீளம். இவற்றை அப்படியே ஒப்பிடுவதில்லை. ஒன்றை மற்றொன்றால் வகுத்து விகிதமாக்குவார்கள். ஒரே கூட்டில் பெரிய தொழிலாளியும் சின்னத் தொழிலாளியும் இருக்கலாம், ஆனால் தலை அகலத்துக்கும் உணர்கொம்புக்கும் உள்ள விகிதம் அவ்வளவாக மாறாது. படம் எடுப்பதும் அப்படித்தான் நிதானமான வேலை. அதிக உருப்பெருக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய தளம் மட்டுமே தெளிவாகத் தெரியும் என்பதால், மேலிருந்து கீழாகப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் கணினியில் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். முகத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. பக்கம் அரைகுறையாகச் சாய்ந்திருந்தால் அந்தப் படத்தை வைத்து இன்னொருவர் அளக்க முடியாது.

ஊசியின் அடியில் குத்தும் சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கையாலேயே நேர்ந்த ஒரு இழப்பு அதில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மலைப்பயணத்தில் எறும்புகளைச் சின்னக் குப்பிகளில், எத்தனால் ஊற்றிச் சேர்த்தேன். ஊர், நாள், மண்ணா மரமா என்பதையெல்லாம் துண்டுக் காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி உள்ளே போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எத்தனால் இளநீலமாக இருந்தது, காகிதம் வெள்ளையாக இருந்தது. மை முழுவதும் கரைந்துவிட்டது. எறும்புகள் அப்படியே இருந்தன, ஒரு காலும் குறையாமல். ஆனால் எங்கே வாழ்ந்தவை என்பதை இழந்த எறும்புகள் அறிவியலுக்குப் பயன்படாது. பென்சிலால் எழுதியிருந்தால் இருந்திருக்கும்.

சல்லடைக்குத் திரும்புவோம். பேரினம் தெரிந்துவிட்டது. 16,724 என்ற எண் இப்போது ஒரு சில டஜன்களாகச் சுருங்கிவிட்டது. இனி அந்தப் பேரினத்தில் பெயர் பெற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். எதோடு ஒப்பிடுவது? ஒரு பெயர் எந்த உடம்பின் மேல் முதலில் வைக்கப்பட்டதோ அந்த உடம்போடு.

இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். உயிரினப் பெயர்கள் அகராதிச் சொற்களைப் போல விளக்கத்தின் மேல் நிற்பதில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரே ஒரு பதப்படுத்தப்பட்ட உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை மூலமாதிரி என்கிறார்கள். பெரும்பாலும் சிவப்புச் சீட்டுப் போட்டுத் தனியாக வைத்திருப்பார்கள். விளக்கம் தவறாக இருக்கலாம், படம் மங்கலாக இருக்கலாம், விவரித்தவரே குழம்பியிருக்கலாம். சந்தேகம் வந்தால் போய்ப் பார்ப்பதற்கு அந்த உடம்பு இருக்கிறது.

அது இல்லாமல் போனால் என்னாகும் என்பதற்கு நம் ஊர் வரலாற்றிலேயே சான்று உண்டு. தாமஸ் ஜெர்டன் என்ற மருத்துவர் சென்னை ராணுவத்தில் பணியாற்றியவர், பறவை ஆய்வாளராகப் பெயர் பெற்றவர். 1851இல் 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை எழுதினார். எகிறிக் குதித்து இரை பிடிக்கும் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் அவர் பெயரிட்டதுதான். நீண்டு மேல்நோக்கி வளைந்த தாடைகளை வைத்து இன்றும் யாரும் அதை அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் 'சிறியது, பழுப்பு, வழவழப்பானது' என்ற அளவில் சில வரி மட்டுமே ஓர் எறும்பைப் பற்றி எழுதப்பட்டிருந்தால், அந்த விளக்கத்துக்குப் பத்து எறும்புகள் பொருந்தும். எது அது என்று பார்க்க ஜெர்டனின் மாதிரிகள் இருப்பதாகத் தெரியவில்லை. பெயர் மட்டும் ஆளில்லாமல் பட்டியலில் நிற்கும். அரை நூற்றாண்டு கழித்து, 1903இல், சார்லஸ் பிங்காம் 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' வரிசையில் எறும்புகளைப் பற்றி எழுதிய நூல் வந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே போய் இனத்தை அடையாளம் காணும் இருகிளைத் திறவுகோல்களோடு வந்த அந்த நூலை இந்திய எறும்பு ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதே காலத்தவர் ஓகுஸ்ட் ஃபோரெல். சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர். அந்த நாட்டின் 1000 ஃபிராங்க் நோட்டில் ஒரு காலத்தில் அவர் முகமும் பின்புறம் எறும்புகளும் இருந்தன. ஆயிரக்கணக்கான எறும்புகளுக்குப் பெயர் வைத்தவர். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அவர் 1902இல் விவரித்த ஒன்றுதான் இன்று பாராபாராட்ரெக்கினா அசெட்டா என்று வழங்குகிறது. அதற்குப் பிறகு இந்தப் பேரினத்தில் இங்கிருந்து புதிதாக ஒன்றும் சேரவில்லை. நூறாண்டுக்கு மேல் கழித்து நீலா வந்தது.

இன்று சுவிட்சர்லாந்துக்குப் போகாமலே பல மூலமாதிரிகளைப் பார்க்கலாம். பிரையன் ஃபிஷர் தொடங்கிய ஆண்ட்வெப் தளத்தில் அவற்றின் படங்கள் முகம், பக்கவாட்டு, முதுகு என்று மூன்று கோணத்திலும், அடியில் குத்திய சீட்டோடு சேர்த்தே இருக்கின்றன. பெங்களூருவில் ஒரு மேசையில் உட்கார்ந்து, நூற்றாண்டுக்கு முன்பு யாரோ ஐரோப்பாவில் பசை வைத்து ஒட்டிய எறும்பின் முடியை எண்ணலாம். இந்தத் துறையில் இளைஞர்கள் துணிந்து வருவதற்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்று நினைக்கிறேன்.

ஒப்பிட்டதில் நீலாவுக்குத் தனியாகத் தெரிந்தவை இவை: முக்கோணத்தை ஒட்டிய வடிவில் தலை, பெரிய கண்கள், ஐந்து பற்கள் கொண்ட முக்கோணத் தாடை. பிறகு நிறம். உணர்கொம்பு, தாடை, கால்கள் தவிர உடம்பு பெரும்பாலும் ஒரே உலோக நீலம். இந்தப் பேரினத்தில் வேறு எதிலும் அப்படி இல்லை.

நிறம் இவ்வளவு தாமதமாக வருவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். முதலில் கண்ணைப் பறித்ததே அதுதானே? ஆனால் எறும்பு ஆய்வில் நிறத்தைக் கடைசிச் சாட்சியாகத்தான் கூப்பிடுவார்கள். கூட்டுப்புழு நிலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த தொழிலாளி வெளிறியிருக்கும். சில நாளில் கருக்கும். ஒரே இனம் மலையில் கருப்பாகவும் சமவெளியில் பழுப்பாகவும் இருக்கலாம். ஊசியில் நூறாண்டு நின்ற மாதிரி மங்கிப்போகும். ஆஸ்திரேலியாவின் ரிட்டிடோபோனெரா மெட்டாலிக்கா என்ற மினுங்கும் எறும்பு ஓரிடத்தில் பச்சையாகவும் இன்னோரிடத்தில் ஊதாவாகவும் இருக்கிறது. ஃபோரெலின் தலைமுறையினர் நிறத்தை நம்பிக் கொடுத்த துணையினப் பெயர்கள், வகைப் பெயர்கள் எத்தனையோ பின்னால் வந்தவர்களால் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. நீலா நிறத்தால் மட்டும் வேறாக இருந்திருந்தால் எச்சரிக்கையான ஆய்வாளர் தயங்கியிருப்பார். உறுப்புகள் முன்னே நின்று சாட்சி சொன்ன பிறகு நிறம் சொன்னதும் எடுபட்டது.

அந்த நீலம் எப்படி வருகிறது என்பது தனிக் கதை. பூச்சிகளில் நீலம் பெரும்பாலும் சாயம் அல்ல. தோலுக்குள் ஒளியலையின் அளவுக்கு ஈடான மெல்லிய அடுக்குகளோ நுண்கட்டமைப்புகளோ இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது சில அலைகள் ஒன்றையொன்று கூட்டுகின்றன, மற்றவை அடித்துக்கொண்டு மறைகின்றன. மிஞ்சுவது நீலம். மயில்தோகையிலும் இதுதான் நடக்கிறது. தோகையை இடித்துப் பொடியாக்கினால் நீலம் போய்ப் பழுப்புத்தான் மிஞ்சும். எறும்புகளில் இப்படி நீலமோ வானவில் மினுக்கமோ காட்டுபவை குறைவு. மரப்பொந்தின் இருட்டுக்குள் வாழும் ஓர் எறும்புக்கு அது எதற்கு? தன் இனத்தை அடையாளம் காணவா, எதிரியின் கண்ணை ஏமாற்றவா, அல்லது தோல் அப்படி அமைந்ததால் வந்த பக்கவிளைவா? விவரித்தவர்களே இந்தக் கேள்விகளைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அவர்கள் சியாங்குக்குப் போனதும் தற்செயல் அல்ல. 1911இல் நோயல் வில்லியம்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க ஆதி மக்கள் மேல் ஒரு படையை அனுப்பியது காலனி அரசு. ஆதி மக்களை அப்போது ஆங்கிலேயர் 'அபோர்' என்று அழைத்தார்கள். அடங்காதவர் என்ற பொருளில் வெளியார் வைத்த பெயர். படையோடு கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஸ்டான்லி கெம்ப் என்ற இயற்கையியலாளரும் போனார். ஒருபுறம் துப்பாக்கி, மறுபுறம் குப்பியும் வலையும். அவர் சேகரித்தவை 1912 முதல் பத்தாண்டுகள் அருங்காட்சியகத்தின் ஏட்டில் தொடர்ந்து வெளிவந்தன. வெல்வெட் புழு வகையைச் சேர்ந்த ஓர் அரிய உயிருக்கு அந்த வில்லியம்சனின் பெயரையே வைத்தார்கள். நூறாண்டு கழித்து அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று பார்க்கத்தான் பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் ஃபெலிஸ் கிரியேஷன்ஸ் படக்குழுவும் சேர்ந்து அந்தப் பழைய தடத்தில் திரும்பப் போனார்கள். கெம்பின் வெல்வெட் புழுவும் அவர்களுக்கு மறுபடி கிடைத்தது. சியாங் ஆற்றின் மேல் பெரிய அணைத் திட்டங்கள் பேசப்படும் காலம் இது. என்ன இருந்தது என்ற பழைய பட்டியல் கையில் இருப்பவருக்குத்தான் என்ன போனது என்று கணக்குச் சொல்ல முடியும்.

இனி பெயர். வைக்கும் உரிமை விவரிப்பவருடையது. விதிமுறை உலகம் முழுவதற்கும் ஒன்று. இரண்டு சொல், லத்தீன் எழுத்து, முன்பு வேறு எதற்கும் அதே பேரினத்தில் வைக்கப்படாத பெயர். மூலமாதிரி எது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். 2012 முதல் மின்னிதழில் மட்டும் வெளியானாலும் செல்லும், ஆனால் ஸூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இந்த மூவரும் கிரேக்கத்தையும் லத்தீனையும் தேடிப் போகவில்லை. நீலா என்றார்கள். இந்திய மொழிகள் பலவற்றிலும் புரியும் சொல். இந்தப் புத்தகத்தில் வரும் எத்தனையோ அறிவியல் பெயர்களுக்கு நான் அடைப்புக்குறி போட்டுப் பொருள் சொல்லியிருக்கிறேன், இதற்கு வேண்டியதில்லை.

எல்லா எறும்புக்கும் இவ்வளவு வசதி வாய்ப்பதில்லை. பிரேசிலின் மனாவுஸ் அருகே மழைக்காட்டு மண்ணிலிருந்து 1998இல் மன்ஃப்ரெட் வெர்ஹாகுக்கு இரண்டு விசித்திர எறும்புகள் கிடைத்தன. ஆய்வுக்கு வருமுன் அவை கெட்டுப்போயின. அது என்ன எறும்பு என்று சொல்ல உடம்பு இல்லாததால் சொல்லவே முடியவில்லை. 2003 மே மாதம், பொழுது சாயும் வேளையில், கிறிஸ்டியன் ரேபலிங் அதே பகுதிக் காட்டின் இலைச்சருகில் ஒற்றை எறும்பு ஒன்றைப் பிடித்தார். வெளிறிய உடல், கண் கிடையாது, இடுக்கிபோல நீண்ட தாடை. ஒரே ஓர் உடல்தான். அதன் முன்னங்கால் ஒன்றை மட்டும் எடுத்து மரபணு பிரித்தார்கள். மீதி உடம்பை மூலமாதிரியாகக் காப்பாற்றினார்கள். 2008இல் மார்ஷியாலிஸ் ஹெயுரேகா என்ற பெயரில் அது வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்தைச் சேர்ந்தது, கண்டுகொண்டேன் என்ற இரண்டு சொற்கள். எறும்புகளின் பரிணாம மரத்தின் அடிவேர் அருகே கிளைத்த அதற்கென்று ஒரு தனித் துணைக்குடும்பமே வைக்க வேண்டியிருந்தது. உயிரோடுள்ள எறும்புகளுக்குப் புதிய துணைக்குடும்பம் கிடைத்தது 1923க்குப் பிறகு அதுவே முதல்முறை. வெர்ஹாகின் இரண்டு எறும்புகள் கெடாமல் இருந்திருந்தால் பத்தாண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். குப்பிக்குள் கரைந்துபோன என் மையை நினைத்துக்கொள்கிறேன்.

நீலா விவரிக்கப்பட்டது தொழிலாளி எறும்பை வைத்து. எறும்புகளில் இது வழக்கம், ஏனென்றால் நமக்கு எதிர்ப்படுவது தொழிலாளிதான். ஆணுக்குச் சிறகு இருக்கும், தலை சிறுத்திருக்கும், தொழிலாளிக்கான திறவுகோல் அதற்குச் செல்லாது. இரவில் விளக்குப் பொறியில் விழும் ஆண்கள் எந்தத் தொழிலாளியின் அண்ணன் தம்பிகள் என்று தெரியாமல் குப்பிகளில் காத்திருக்கும். லெப்டனில்லா என்ற பேரினத்தில் ஆண்களை மட்டும் வைத்துப் பெயரிட்ட இனங்களும், தொழிலாளிகளை மட்டும் வைத்துப் பெயரிட்ட இனங்களும் தனித்தனிப் பட்டியலாகவே இருக்கின்றன. ஒரே எறும்பு இரண்டு பெயரில் இரண்டு பட்டியலிலும் இருக்க வாய்ப்புண்டு. சேர்த்து வைக்க ஒன்று மரபணு வேண்டும், இல்லையென்றால் கூட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

யிங்கு ஊரின் மாட்டுத்தடத்தில் அடுத்து ஏறுபவர் பகலில் ஏற வேண்டும். பொந்துக்குள் வெளிச்சம் விழும் நேரத்தில், நல்ல லென்ஸோடு, ராணியைத் தேடிக்கொண்டு. சிறகு முளைத்த ஆண்கள் கூட்டில் இருக்கும் பருவமாகவும் அது இருக்க வேண்டும். அவை நீலமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சரித்து, முடியை எண்ணத் தொடங்குவார்.